வரிசையின் முதல் ஆள்

கம்பளி ஆலை யந்திரம் வலது கை விரல்களைப் பறித்த பிறகும் மிஞ்சிய உயிர், கேட்காமலே வந்த ஒரு சினிமா வேஷம், காராதாம் நகரத்திலேயே நீளமான வரிசையில் முதல் இடம், கடைசியாக ரமீலா. ஜொல்தோஷ் வென்றவை இந்த நான்கும்தான்.

சோவியத் யூனியன் உடைந்து கடைகள் காலியாகக் கிடந்த 1993 செப்டம்பரில் தலைநகரிலிருந்து படக்குழு வந்தது. சாதாரண மக்களின் வாழ்க்கையைப் பற்றிய படமாம். பூட்டிய கடை முன்னால் முப்பது பேர் பேசாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் காட்சி. முகம் பொருத்தமாக இருக்கிறதென்று ஜொல்தோஷை முதலில் நிறுத்தினார்கள். அவன் பின்னால் பிஸ்கட் ஆலையில் வேலை போன ரமீலா. அவள் பின்னால் அவனுடைய அக்கா அனார்கான்.

"என்ன குடுக்கறாங்க?" என்று வழியில் போனவர்கள் கேட்டார்கள்.

"தெரியாதுங்க."

தெரியாது என்கிறான் என்றால் நல்ல சாமான்தான் என்று இன்னும் நூற்றுப்பத்துப் பேர் சேர்ந்தார்கள். மாலையில் படக்குழு போய்விட்டது. வரிசை போகவில்லை.

"இது சினிமாவுக்கு நின்னதுங்க" என்று ஜொல்தோஷ் சொல்லிப் பார்த்தான்.

"எங்களை விரட்டிட்டு நீ மட்டும் வாங்கப் பாக்கறியா?"

எச்சில் தொட்ட ஊதாப் பென்சிலால் உள்ளங்கையில் எண் போட்டார்கள். தினமும் காலை ஒன்பதுக்குப் பேர் கூப்பிடுவது, வராதவர் பேரை அடிப்பது என்று முடிவாயிற்று. பட்டியல் எழுதுவது முதல் ஆள் பொறுப்பு. பன்னிரண்டு வருஷமாகச் சம்பளத்துக்கு இடது கட்டைவிரலை மையில் உருட்டியவன், அந்தக் கையால் எழுதப் பழகினான். ஊர்ப் பெயர்களெல்லாம் கோணலாக விழுந்து, மெல்ல நேராயின. தன் பெயரை மட்டும் எழுதவில்லை. அங்கே '1' போதுமே.

ஜனவரிப் பனியில் ரமீலாவிடம் கேட்டான்.

"கட்டிக்கறேன். சனிக்கிழமை கசான்லேருந்து அண்ணன் வர்றாரு, கல்யாணமாகலன்னா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாரு. ஆனா பதிவு ஆபீஸ் வெள்ளிக்கிழமை ஒன்பதுலேருந்து பத்து வரைக்கும்தான். அப்பதானே இங்க பேர் கூப்பிடறாங்க? நாலு மாசம் நின்ன இடத்தை விடச் சொல்றீங்களா?"

அவனுக்கு நியாயமாகத்தான் பட்டது. அனார்கானுக்குத்தான் எரிச்சல் வந்தது.

"டேய் தம்பி, வரிசை கடைவாசல்லதான் நிக்கணும்னு யாரு சொன்னது? நட. நீ எங்க நிக்கறியோ அதான் முதல் இடம்."

வெள்ளிக்கிழமை நூற்று நாற்பது பேரும் எண் மாறாமல் அவன் பின்னால் நடந்தார்கள். வழியில் இருபத்துமூன்று பேர் வாலில் ஒட்டிக்கொண்டார்கள்.

"கல்யாணம் குடுக்கறாங்களாம்" என்றார் ஒருவர்.

"ஆளுக்கு ஒண்ணா, ரெண்டா?"

பதிவு அதிகாரி அம்மாளிடம் ஜொல்தோஷ் வழக்கம்போலக் கட்டைவிரலை நீட்டினான்.

"மைத்தட்டு காஞ்சு ரெண்டு வருஷமாச்சு. முன்னெல்லாம் மாஸ்கோலேருந்து வரும். கையெழுத்துப் போடறதுன்னா போடு, இல்லன்னா அடுத்த வெள்ளிக்கிழமை வா."

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. ஜொல்தோஷ் பட்டியல் பென்சிலை எடுத்தான்; தன் பெயரை அவன் இந்தக் கையால் ஒருதரம்கூட எழுதியதில்லை.

"எழுதுங்க" என்றாள் ரமீலா. "என் பேரைத் தினமும் எழுதினவருதானே?"

"முன்னால நகருய்யா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு எழுத்தும் விடாமல் எழுதி முடித்தான். அனார்கான் பென்சிலை வாங்கித் தன் உள்ளங்கையில் மூன்றாம் எண்ணுக்குக் கீழே கல்யாணத் தேதியைக் குறித்துக்கொண்டாள்: 28 ஜனவரி 1994.