பெரியப்பாவின் மாத்திரை

எங்கள் பெரியப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். இன்றைக்கும் காலையில் கூழைக் குடித்துவிட்டு ஒரு மாத்திரையை விழுங்கி, வயலுக்குப் போகிறார். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். நன்றாக இருக்கட்டும், நான் சபிக்கவில்லை. ஆனால் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு எரிகிறது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவருக்கு அந்த நோய் தெரியவந்தது. குடலிறக்க ஆபரேஷனுக்காக ரத்தம் பார்த்தார்கள், வெள்ளையணு எக்கச்சக்கம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் கரும்புக்கு ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்திருந்தது. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஆர்டர் வந்துவிட்டால் சாவு வீட்டுக்காரன்கூட வெட்டைத் தள்ளிப்போட மாட்டான். தவறவிட்டால் கரும்பு காய்ந்து எடை போய்விடும். பெரியப்பா வெட்டி, லோடு ஏற்றி முடித்து, சாவகாசமாகப் போனார். ஒன்றும் ஆகவில்லை. மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஊரில் அந்த நோய்க்கு அவர்தான் டாக்டர்.

பிறகு ஒரு மாசி மாதம் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. முகம் வெளுத்துப்போய், கால் எலும்பு வலிக்கிறதென்று அழுதான். முழங்காலுக்குக் கீழே கொசு கடித்ததுபோல் சிவப்புப் புள்ளிகள். பல் தேய்த்தால் ரத்தம். கள்ளக்குறிச்சி டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இது ரத்தப் புற்றுநோய், இன்றைக்கே பாண்டிச்சேரிக்குக் கிளம்புங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்தால் மறுபடியும் கட்டிங் ஆர்டர். கல்வராயன் மலையிலிருந்து வெட்டாட்கள்கூட வந்து இறங்கிவிட்டார்கள்.

"எனுக்கு வந்ததுதான அவனுக்கும் வந்துருக்குது? நான் இன்னா செத்தா பூட்டேன்? வெட்டு முடியட்டும், நானே இட்டுக்கினு போறேன்" என்றார் பெரியப்பா.

அப்பாவுக்கு அண்ணன் பேச்சுதான் வேதம். அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். "டாக்டரு இன்னைக்கே போவணும்னு சொன்னாருங்க" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். பொம்பளைக்கு இன்னா தெரியும் என்று அவள் வாயை அடைத்தார்கள். ஆமாம், ஆம்பளைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது!

பெரியப்பா அதோடு விட்டாரா? தன் மாத்திரையை இரண்டாக உடைத்து, பாதியை வெல்லத்தில் பொதிந்து தம்பி வாயில் போட்டார். தன் உயிரிலேயே பங்கு கொடுத்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. "உன் தம்பிக்கு இன்னாடி ஆவப்போவுது?" என்று என் தலையைத் தடவினார். நானும் பூரித்துப்போய் நின்றேன்.

கடைசி லோடு ஏற்றுவதற்குள் தம்பிக்கு மூக்கில் ரத்தம் கொட்டத் தொடங்கி, நிற்கவே இல்லை. அம்மா யாரையும் கேட்கவில்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நினைவில்லை. மறுநாள் போய்விட்டான்.

பெயர் ஒன்றாக இருந்தால் நோயும் ஒன்றா? பெரியப்பாவுக்கு வந்தது மெல்ல நகரும் வகை. கரும்பு வெட்டி முடிக்கும்வரை பொறுத்தது. தம்பிக்கு வந்தது நாளுக்கு நாள் பெருகும் வகை. கெட்டுப்போகிற அணு வேறு, மருந்தும் வேறு. வயிறெரிவது எதற்கென்றால், உடனே கொண்டுபோனால் குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வதும் அந்த வகையில்தான். ஒரு மாடு சாதுவாக இருக்கிறதென்று கண்ட மாட்டின் முன்னாலும் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவார்களா?

தம்பியைக் கொண்டுவந்து கிடத்தியபோது பெரியப்பா மண்ணில் புரண்டு அழுதார். அவரளவுக்கு யாருமே அழவில்லை. கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, தண்ணீர் கேட்டார். அம்மா குடத்துக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தாள், அசையவில்லை. நான்தான் ஓடிப்போய் மொண்டு கொடுத்தேன். இப்படியும் ஒரு கல்நெஞ்சு உண்டா என்று அன்றைக்கு எனக்கு அம்மா மேல்தான் கோபம் வந்தது.