கூட வந்தவள் சொன்ன இமை

என் சித்தி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கடைக்குள் நுழைகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருக்கு எந்த ஃபிரேம் என்று முடிவு கட்டிவிடுவாள். "உங்களுக்கு வட்டம் வேணாங்க, முகமே வட்டம்" என்பாள். அவர் கோபப்படலாமா என்று யோசிப்பதற்குள் ஒரு சதுர ஃபிரேம் அவர் மூக்கில் உட்கார்ந்திருக்கும். அது பொருத்தமாகவும் இருந்து தொலைக்கும்.

அவளுக்கென்று கடையில் ஒரு சட்டம் உண்டு. கண்ணாடி வாங்க யாரும் தனியாக வரக்கூடாது. புது ஃபிரேமில் பவர் இருக்காது. பழைய கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதை மாட்டிக்கொண்டு பார்த்தால், எதிரே தெரிவது முகமா முட்டைக்கோஸா என்று யாராலும் சொல்ல முடியாது. "உங்க கண்ணை நம்பாதீங்க, கூட வந்தவங்க கண்ணை நம்புங்க" என்பாள். தனியாக வந்து மாட்டிக்கொண்ட ஒருவருக்காக, தெருவில் சும்மா போன மனுஷியைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டவள் அவள்.

போன வருஷம் சித்திக்கு மார்பில் கட்டி வந்தது. அறுத்தெடுத்து மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போனது, புருவம் போனது, கடைசியில் இமை முடியும் போனது. சித்தி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பார்க்க வந்தவர்கள்தான் அழுதார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றி அனுப்புவதே எங்களுக்குப் பெரிய வேலையாகிவிட்டது. 'பாவம்' என்ற சொல்லைக் கேட்டாலே சித்திக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உடம்பு தேறியது. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைமுடி குட்டையாக, வேண்டுமென்றே வெட்டிக்கொண்டதுபோல் வளர்ந்திருந்தது. புருவத்துக்குப் பென்சில் இருந்தது. இமை முடிதான் அரையும் குறையுமாக முளைத்து நின்றது.

"என் கண்ணாடி ப்ளஸ் பவர்டி. கண்ணை ரெண்டு மடங்கா காட்டும்" என்றாள் சித்தி. "இந்த மொட்டை இமையைப் பார்த்தா முதல்ல வர்ற ஆளே உடம்புக்கு என்னன்னு கேட்பான். திங்கக்கிழமை ஒருத்தர் என்னைப் பாவம்னு பார்க்கக் கூடாது. இமை முடி ஒட்டிக்கப் போறேன், டாக்டர்கிட்ட கேட்டாச்சு."

"ஒட்டுற முடி கீழ விழுந்தா சாப்பாட்டுல கிடக்குமா?" என்று கேட்டார் சித்தப்பா. அவருக்கு அதற்குமேல் அதில் கேட்க ஒன்றுமில்லை.

அழகு நிலையத்துக்கு நான்தான் கூடப் போனேன். இமை ஒட்டுகிற பெண்ணுக்கு இருபது வயது தாண்டியிருந்தால் அதிகம். தட்டுத் தட்டாக எடுத்து வைத்தாள். கிளாசிக் என்றால் நம் முடி ஒன்றின்மேல் ஒட்டுமுடி ஒன்று. வால்யூம் என்றால் ஒன்றின்மேல் விசிறிபோல் நாலைந்து. ஹைப்ரிட் என்றால் இரண்டும் கலந்து. அதற்குமேல் நீளம் வேறு, வளைவு வேறு. ஊர் மூக்குக்கெல்லாம் நொடியில் தீர்ப்பு சொல்கிற சித்தி, தட்டுத் தட்டாகத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி முதல் தட்டுக்கே வந்தாள். அவள் அப்படித் திணறுவதைப் பார்ப்பது எனக்குப் பரம சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். "உங்க முடி இப்பதான் முளைக்குது ஆன்டி, ரொம்ப பாரம் தாங்காது. கண்ணாடி வேற போடுறீங்க. ஆன்டி வயசுக்கு கிளாசிக்கே குட்டையா போட்டா டீசன்டா இருக்கும்."

எல்லாம் சரி. அந்த 'ஆன்டி வயசு' மட்டும் வேண்டாத வேலை.

"வால்யூம்" என்றாள் சித்தி. "நீளமா."

அந்தப் பெண் தயங்கி, மாதிரி இமையொன்றைச் சித்தியின் கண்மேல் பிடித்து, கையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தாள். சித்தியின் மூக்குக்கண்ணாடி என் மடியில் இருந்தது.

"பிரமாதம்!" என்றாள் சித்தி.

"உனக்கு என்ன தெரியுது சித்தி?"

"கண்ணு தெரியுது."

"அது உன் மூக்கு. நான் கூட வந்திருக்கேன், நான் சொல்றேன் கேளு. இது வேணாம்."

"உனக்கு என்னடி தெரியும், நீ சும்மா இரு."

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்ததாம். ஒட்டி முடித்ததும் சித்தி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை இமைத்தாள். இமை கண்ணாடியில் போய் உரசியது. மறுபடி இமைத்தாள், மறுபடி உரசியது.

"பழகிடும்" என்றாள்.

திங்கட்கிழமை அவளைக் கடையில் விட்டுவர நானே போனேன். போனவள் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டேன். சித்தி இமைக்கும்போதெல்லாம் கண்ணாடியில் தீற்றல் விழுந்தது. கழற்றுவாள், துடைப்பாள், மாட்டுவாள். உரசி உரசிக் கண் சிவந்து நீர் கட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, வருஷக்கணக்காக அவளிடம் கண்ணாடி வாங்கும் தபால்காரர் உள்ளே வந்தார். தலை குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"அழாதம்மா. அதான் வந்துட்டியே. பாவம், எவ்வளவு பட்டுட்டே!"

முதலாளி தண்ணீரோடு ஓடி வந்தார். உள்ளறையில் லென்ஸ் தேய்க்கிறவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்று, அவரும் ஒரு 'பாவம்' சொன்னார். எந்தச் சொல்லுக்குப் பயந்து இவ்வளவு பாடுபட்டாளோ, அது பத்து மணிக்குள் கடை முழுக்க நிறைந்துவிட்டது.

"நான் அழலைங்க!" என்று கத்தினாள் சித்தி. "இமை இடிக்குது!"

தபால்காரர் குனிந்து, நிஜமான அக்கறையோடு உற்றுப் பார்த்தார்.

"இவ்வளவு நீளம் எதுக்கும்மா? தனியா போயா வாங்கினே?"

முதலில் சிரித்தது சித்திதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷத்து அழுகையை, ஃபிரேம்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, மூக்கு ஒழுக ஒழுக அழுதாள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

சாயங்காலம் அழகு நிலையத்தில் அந்தப் பெண் ஒட்டியதையெல்லாம் பதமாகக் கழற்றினாள். "கண்ணு சிவந்திருக்குக்கா, இன்னைக்கு எதுவும் ஒட்ட மாட்டேன். எதுன்னு மட்டும் முடிவு பண்ணிட்டுப் போங்க" என்றாள். 'ஆன்டி' போய் 'அக்கா' வந்திருந்தது. அவளும் பிழைத்துக்கொள்வாள்.

சித்தி தட்டுகளைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு."

"கிளாசிக். குட்டை."

"சரி."

பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். அரைகுறை இமையும் சிவந்த கண்ணும் இரண்டு மடங்காகத் தெரிந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு இப்படியேதான் போகணும். பாவமா இருக்காடி?"

நான் நன்றாகப் பார்த்தேன். கூட வந்தவள் பொய் சொல்லக் கூடாது.

"இல்ல சித்தி. அழுத மூஞ்சியா இருக்கு."

"அது இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.