நடு அடுக்கில் ஆரஞ்சு

ஓவன் கதவைச் சாத்தியதும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்துவிடுவாள். மற்றவர்கள் தொலைக்காட்சி பார்ப்பதுபோல இவள் கண்ணாடிக்குள் மாவு உப்புவதைப் பார்ப்பாள். முழுசாக நாற்பது நிமிடம். வாய் மட்டும் சும்மா இருக்காது. "என்ன, ஒரு பக்கமா சாயிற? நிமிந்து உக்காரு!" கேக்கோடுதான் பேச்சு. வீட்டில் வேறு ஆள் இல்லை.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை. கட்டடத்தில் எல்லாருக்கும் அவள் கேக்கக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சாப்பாட்டு மேசையை, கேக்கைச் சுற்றிச் சுற்றிப் பூசும் சுழல்பலகையும் கிரீம் கிண்ணங்களும் எடுத்துக்கொண்டுவிட்டன. அவள் சாப்பிடுவது பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்றபடி.

அடுக்கு கேக் என்றால் அடியில் இருப்பது 'பெரியவர்', அதன்மேல் 'நடுப்பிள்ளை', உச்சியில் 'சின்னக்குட்டி'. வெந்து ஆறியதும் பெரியவரின் உப்பிய தலையைப் பல்லுக்கத்தியால் சீவிவிட்டு, கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்ப்பாள். குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை விடமாட்டாள். பிறகு தடித்த ஸ்ட்ராக்களைக் கேக்கின் உயரத்துக்கு வெட்டி உள்ளே செருகுவாள். "கிரீம்தான் தாங்குதுன்னு நினைக்கிறாங்க. கிரீம் வெறும் சட்டை. உள்ள எலும்பு வேணும்ல?"

ஆர்டர் கொடுக்கக் கூப்பிடுகிறவர்களை லேசில் விடமாட்டாள். எத்தனை பேர், என்ன நிறம், எந்த நாள் எல்லாம் பேசி முடித்த பிறகும், "வச்சிடாதீங்க, இன்னொண்ணு கேக்கணும்" என்பாள். அந்த இன்னொன்று பெரும்பாலும், அங்கே மழையா என்பதாக இருக்கும்.

போன மாதம், திருமண வரவேற்புகளை ஏற்பாடு செய்து கொடுக்கும் ஒரு பெண் கூப்பிட்டாள். மூன்று அடுக்கு. அடியில் வெனிலா, நடுவில் பாதாம், மேலே சாக்லேட். கேக்கின்மேல் எழுத வேண்டிய பெயர்களைச் செய்தியில் அனுப்பினாள்.

மணப்பெண்ணின் பெயரையும் முன்னெழுத்தையும் பார்த்த கேக்கக்கா அதை மறுபடி எழுத்தெழுத்தாகப் படித்தாள். வீட்டார் நான்கு பெயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, குழந்தையை எட்டிப் பார்த்து ஐந்தாவதாக அவள் சொன்ன பெயர் அது. தம்பி மகள். அந்தக் குழந்தைக்குக் கல்யாணம் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது.

தம்பியோடு பேச்சு நின்று ஆறு வருடம். அப்பா இறந்தபோது வெளியூரில் இருந்த அவன் வந்து சேர இரண்டு நாள் ஆகிவிட்டது. பெட்டியோடு வாசலில் நின்றவனைப் பார்த்து, கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்க, "விருந்தாளிங்க, எல்லாம் முடிஞ்ச பிறகுதானே வருவாங்க" என்றாள். மூன்று வருடம் அப்பாவைத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்ட அலுப்பு அப்படிப் பேசியது. ஆனால் பேசிய வாய் அவளுடையது. அவன் பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போய்விட்டான்.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாமா?" என்று ஓவனைக் கேட்டாள். அது பாட்டுக்குச் சூடாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பாதாம் உறைத்தது. மூன்று வயதில் ஒரே ஒரு பாதாம் பிஸ்கட்டைத் தின்று, உதடு வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்ட அந்தக் குழந்தையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது இந்த அத்தைதான். உடனே ஏற்பாட்டுக்காரப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"பாதாம் வேணாம்மா. பொண்ணுக்கு ஆகாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்மா. ஆரஞ்சு போட்டுடறேன்."

அன்று மழையைப் பற்றிக் கேட்கவில்லை. பாதாம் மாவுப் பொட்டலத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, சல்லடை முதல் கரண்டிவரை எல்லாவற்றையும் வெந்நீரில் இரண்டு முறை கழுவினாள்.

வரவேற்பன்று பிற்பகல், மூன்று அடுக்கையும் மூன்று பெட்டிகளில் வைத்து வாடகைக் காரில் ஏற்றினாள். "அண்ணே, பிள்ளைத்தாச்சியை ஏத்திட்டுப் போற மாதிரி ஓட்டுங்க" என்றாள். மண்டபம் காலியாக இருந்தது. நாற்காலிகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவரை மேசையில் அமர்த்தி, அதன்மேல் நடுப்பிள்ளையை இறக்கி, சின்னக்குட்டியைக் கையில் ஏந்தியபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. எந்த அடுக்கில் என்ன சுவை என்று அச்சடித்து மேசையில் வைத்திருந்த அட்டையை யாரோ எடுத்தார்கள். அதைத் திருத்த மறந்திருந்தார்கள் போலிருக்கிறது.

"நடுவுல பாதாமா? யாரு சொன்னா பாதாம்னு? அவளுக்கு ஆகாதே! முதல்ல எடுங்க அதை!"

அவளால் திரும்ப முடியாது. கையில் சின்னக்குட்டி. "பாதாம் இல்ல" என்றாள் சுவரைப் பார்த்தபடி. "அட்டைதான் தப்பு. நான் ஆரஞ்சு போட்டிருக்கேன்."

அவள் உச்சி அடுக்கை உட்காரவைத்து, அடியில் மாட்டியிருந்த விரலைத் தட்டைக்கத்தியால் மெல்ல விடுவித்துக்கொண்டு திரும்பினாள். தம்பிக்குக் காதோரம் முழுக்க நரைத்திருந்தது.

"அக்கா... நீயா செஞ்ச?"

"ம்."

"எல்லாம் ஒருத்தியாவா?"

"வேற யாரு இருக்கா?"

அவன் கேக்கைப் பார்த்தான். மேலே எழுதியிருந்த பெயரை வாய்க்குள் படித்தான். பிறகு, "கன்னத்துல கிரீம்" என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினான்.

மேடைப் பக்கமிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "இரு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவனை நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

கேக்கக்கா கன்னத்தைத் துடைத்தாள். காலிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, இடுக்கிக்கொண்டாள். மேசைமேல் வைத்த கைக்குட்டையை ஒரு நிமிடம் பார்த்தாள். "துவைச்சுத்தான் திருப்பிக் குடுக்கணும்" என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு, அதை நான்காக மடித்து, தன் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு படியிறங்கினாள்.