டீச்சர் வீட்டுப் பிரிட்ஜில் இருந்த மருந்து

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற மீனம்மாவுக்கு ஒரே மகள், ஜெயந்தினி. ஒன்பது வயதாகியும் ஐந்து வயதுப் பிள்ளை மாதிரிதான் இருந்தாள். "தாயும் கட்டைதானே" என்று லயத்து வரிசைவீடுகளில் சொல்லிவிட்டுப் போவார்கள். மீனம்மாவும் அப்படியே நினைத்துக்கொண்டாள்.

குணபூசணி டீச்சர் அப்படி விடவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்தவர். "ரெண்டு வருஷமா இந்தப் பிள்ளைக்கு அதே சட்டை அளவாய் இருக்கு. இது ஏதோ வருத்தம், நோய்தான், மீனம்மா. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுவம்" என்று லீவு போட்டுவிட்டு அவரே கூட்டிப்போனார்.

கண்டியில் ஓர் ஊசி போட்டு, விட்டுவிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் மீனம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"பிள்ளை வளர்றதுக்கான ஹோர்மோன் தலைக்குள்ள ஒரு சின்னச் சுரப்பியில சுரக்கும். உங்க மகளுக்கு அந்தச் சுரப்பி நல்லாத்தான் இருக்கு. அதைச் சுரக்கச் சொல்ற தகவல்தான் போய்ச் சேரல்ல. இப்ப அந்தத் தகவலையே மருந்தாச் செஞ்சிருக்காங்க, பெப்டைட்னு. தினம் பொழுதுபட்டதும் ஊசியாப் போடணும். குளிர்ல வைக்கணும். பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன், போட்டுப் பார்ப்போம்."

வெளிநாட்டு நண்பர்கள் மூலம் மருந்தையும் டாக்டரே இலவசமாக வரவழைத்தார்.

லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிரிட்ஜுக்கு எங்கே போவது? டீச்சர் தன் குவாட்டர்ஸ் பிரிட்ஜில் மீனைத் தள்ளிவைத்து மருந்துக்கு இடம் ஒதுக்கினார். ஊசி போடவும் பழகிக்கொண்டார். மீனம்மா கண்ணை மூடிக்கொண்டு மகளின் கையைப் பிடித்துக்கொள்வாள்.

நாட்டில் சண்டைக்காலம், யாழ்ப்பாணத்தார் என்றாலே ராணுவத்துக்குச் சந்தேகம். ஒருமுறை மூவரும் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது சோதனைச் சாவடியில் ராணுவத்தினர் பஸ்ஸை மறித்தார்கள். டீச்சரின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். கையில் இருந்த பிளாஸ்கைத் திறந்தால் ஐஸுக்குள் மருந்துக் குப்பிகள். யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்டு அவரை இறங்கச் சொன்னார்கள்.

கங்காணி அதட்டினாலே தலைகுனிகிற மீனம்மா, மகளை இழுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். கடைத்தெருவில் பழகிய சிங்களத்தில், "மாத்தயா, இது என் பிள்ளையோட மருந்து. எங்ககிட்ட பிரிட்ஜ் இல்லை. அதனாலதான் இந்த டீச்சர் நோனா தூக்கிட்டு வர்றாங்க. பிள்ளையைப் பாருங்க" என்றாள்.

சார்ஜன்ட் குனிந்து ஜெயந்தினியிடம் வயது கேட்டார். "பத்து" என்றாள். அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"என் மகளுக்கும் பத்து" என்று சொல்லி, தன் கையாலேயே பிளாஸ்கை மூடிக்கொடுத்தார். "சீக்கிரம் போங்க. ஐஸ் கரையுது."

பஸ்ஸில் டீச்சர் பிளாஸ்கை மடியில் அணைத்துக்கொண்டார். "நீங்கள் வாய் திறந்திராட்டி என்னை விட்டிருக்க மாட்டினம், மீனம்மா."

"நீங்க இல்லாட்டி மருந்தே இல்லைங்களே, டீச்சர்."

அந்த வருடம் முடிவதற்குள் ஜெயந்தினியின் செருப்பு சிறிதாகிவிட்டது. மீனம்மா மலையில் கொழுந்து பறிக்கிறவர்களிடம் நிரைக்கு நிரை போய் அதைச் சொன்னாள். அதன்பிறகு பிள்ளை நின்றுநிதானமாக வளர்ந்தாள். சில வருடங்களில் போதுமென்று டாக்டர் ஊசியை நிறுத்தினார். சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் டீச்சரும் மாற்றலாகி ஊருக்குப் போனார்.

வடக்குக்குப் பாதை திறந்திருந்த அந்த நாட்களில் தாயும் மகளும் யாழ்ப்பாணம் போனார்கள். கதவைத் திறந்த டீச்சருக்கு, எதிரே நின்ற உயரமான பெண்ணைத் தெரியவில்லை. "ஆர் பிள்ளை நீர்?" என்றார். பின்னால் நின்ற மீனம்மாவைக் கண்டதும் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார்.

வழியெல்லாம் நன்றி சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மீனம்மா, கொண்டுவந்த தேயிலைத்தூள் பையை மட்டும் நீட்டினாள்.

"முதல்ல உள்ளுக்கு வாங்கோ" என்று டீச்சர் இருவரின் கையையும் பிடித்தார். "இதிலயே தேத்தண்ணி போடுறன்."