தொண்ணூறுகளின் பாட்டும் பால்சுறாக் குழம்பும்

கரியமாணிக்கம் கிராமத்தில் இளங்கோவன் பேச்சை எடுத்தால் முதலில் சிரிப்புதான் வரும். கரும்பு வெட்டு, நெல் நடவு, ஊர்ப் பஞ்சாயத்து என்று எதைப் பேசினாலும் மனுஷன் அரை வார்த்தையில் முடித்துக்கொள்வார். பாட்டு என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் போச்சு, டீக்கடைக்காரர் அன்றைக்குக் கடையை மூடவே முடியாது. அதிலும் தொண்ணூறுகளில் வந்ததுதான் அவருக்குப் பாட்டு. அதற்கு முந்தியது அழுகை, பிந்தியது இரைச்சல். "எண்பதுல வந்ததெல்லாம் இன்னா மாமா, பாட்டு இல்லியா?" என்று எவனாவது சீண்டினால், "அது உங்கப்பன் காதல் தோல்வியில கேட்டதுடா, அவன்கிட்டயே போய்க் கேளு" என்பார். கடையே கொல்லென்று சிரிக்கும்.

போன ஆடி மாதத்து மூன்றாம் வெள்ளியோடு ஊர் அந்தச் சிரிப்பை விட்டுவிட்டது. அவர் மனைவி வள்ளியம்மை அதற்கும் வெகுநாள் முன்பே விட்டிருந்தாள். ஏன் என்று அவளை யாரும் கேட்கவில்லை.

இளங்கோவனிடம் ஒரு கேசட் உண்டு. அந்தக் காலத்தில் பாகூரில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வேண்டிய பாட்டைச் சொன்னால் வெறும் கேசட்டில் பதிந்து தருவார்கள். பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் அவ்வளவு யோசித்திருக்க மாட்டார். ஒரு பாட்டைச் சேர்ப்பதும் அடிப்பதுமாக மாதக்கணக்கில் அலைந்து அதைத் தயார் செய்தார். முதலில் புல்லாங்குழலில் தொடங்கும் ஒரு பாட்டு. அடுத்தது கும்மிப் பாட்டு. பிறகு மழைப் பாட்டு. அதன் பின்னால் நீளமான பிரிவுப் பாட்டு ஒன்று, அது முடிகிற வழியாகவே இருக்காது. கடைசியில் ஒரு கல்யாணப் பாட்டு. இந்த வரிசை மாறினால் அவருக்குப் பொறுக்காது. டிராக்டரில் அதுதான் ஓடும், வீட்டிலும் அதுதான் ஓடும்.

தொண்ணூறுகளின் நடுவில் கீர்த்திகா பிறந்தாள். வள்ளியம்மைக்குத் தாய் இல்லை, மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட வீட்டில் வேறு நாதி கிடையாது. அடுப்பு எந்தப் பக்கம் எரியும் என்றுகூடத் தெரியாத இளங்கோவன் கொல்லைப்புறத்துக் கூரைச் சமையல்கட்டுக்குள் நுழைந்தார். பால் ஊறுவதற்குப் பால்சுறாவும் பூண்டும் போட்டுக் குழம்பு வைக்க வேண்டும். வள்ளியம்மை படுக்கையில் இருந்தபடியே குரல் கொடுத்தாள். எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று சொன்னால் அவருக்குப் புரியவில்லை. பாட்டை வைத்துச் சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"புல்லாங்கொழல் பாட்டுல அடுப்ப மூட்டுங்க. கும்மிப் பாட்டு வந்தா சட்டிய வச்சி வெந்தியம், வெங்காயம், பூண்டு. மழப் பாட்டுல தூளும் புளித்தண்ணியும். அந்தப் பிரிவுப் பாட்டு முடியிற வரைக்கும் கொதிக்கட்டும், தொடாதீங்க. கல்யாணப் பாட்டு வந்தா மீனப் போடுங்க."

அப்படித்தான் அவர் சமைக்கக் கற்றுக்கொண்டார். அழுகிற பிள்ளையை இடது தோளில் போட்டுக்கொண்டு, வலது கையால் கிளறிக்கொண்டே செய்வார். அந்தக் குழம்பு வள்ளியம்மைக்கே பொறாமை வருகிற மாதிரி அமைந்தது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு அவர் பாடு என்றாகிவிட்டது. கூரை போய் தளம் போட்ட மெத்தை வீடு வந்தது, விறகு போய் கேஸ் வந்தது. அந்தக் கேசட்டும் மண்சட்டியும் மாறவில்லை. புருஷன் ஆக்கிப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிற மகராசி என்று தெருப் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். வள்ளியம்மைக்கு உள்ளூரக் கர்வம்தான்.

போன பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பில் புளி இரண்டு மடங்கு இருந்தது. வள்ளியம்மை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அடுத்த வாரம் உப்பே இல்லை. இன்னொரு வாரம் மீனைக் கழுவாமல் செதிலோடு போட்டிருந்தார். பாட்டு ஓடும்வரை கை தானாக வேலை செய்தது. பாட்டு நின்றதும், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு இது என்ன என்பதுபோல் பார்த்தார். வயல் வரப்பில் வழி தெரியாமல் நின்றவரைப் பக்கத்து நிலத்துக்காரர் கூட்டிவந்து விட்டார். "வெயிலு, தலைசுத்தல்" என்று வள்ளியம்மை சமாளித்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம்தான். போனால் மகளுக்குத் தெரிந்துவிடும். கீர்த்திகா சென்னையில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி நாலு வருஷம் ஏங்க வைத்து இப்போதுதான் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது. ஆடி முடிந்ததும் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பிள்ளையைத் திண்டிவனத்தில் மாமியார் வீட்டில் விடுவதா, இங்கே விடுவதா என்று பெரிய பேச்சு நடந்து, கடைசியில் இங்கே என்று முடிவாகியிருந்தது. இப்போது போய் அப்பாவுக்கு நினைவு தடுமாறுகிறது என்றால், எந்தத் தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள்? வள்ளியம்மைக்கு அந்தப் பிள்ளை வேண்டும். வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை.

ஆனி மாதத்தில் பக்கத்துத் தெருக் கல்யாண வீட்டு மைக்செட்டில் அந்தப் புல்லாங்குழல் பாட்டைப் போட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த இளங்கோவன் எச்சில் கையோடு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். மேலே வெறும் சட்டியை வைத்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"புல்லாங்கொழல் பாட்டு வந்திடிச்சே வள்ளி. நீ ஏன் எழுந்து வந்த? போய்ப் படு, தையலு பிரிஞ்சிடும்."

பிரசவத்தில் அவளுக்குத் தையல் போட்டு முப்பது வருஷம் ஆகிறது. அடுப்பை அணைத்து, அவர் கையைக் கழுவிவிட்டு, திரும்ப இலை முன்னால் உட்கார வைத்தாள். மறுநாளே கேசட்டை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப்போய், ஊரில் மைக்செட் வைத்திருக்கும் கலைவேந்தனிடம் கொடுத்துவிட்டாள். "டேப்பு ரிப்பேர் ஆயிடிச்சிப்பா. தூக்கிப் போட மனசு வரல, நீ வச்சிக்கோ" என்றாள். அது வீட்டை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது. வெளியே கிளம்பும்போதெல்லாம் கேஸ் சிலிண்டரின் வாயை மூடுவதையும் பழக்கமாக்கிக்கொண்டாள். இனிமேல் பயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆடிக்குக் கீர்த்திகா பிள்ளையோடு வந்தாள். மூன்றாம் வெள்ளி மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தல். வீட்டுக்கு ஒரு குடம் கூழ் எடுத்துப்போய்க் கோயில் கொப்பரையில் ஊற்ற வேண்டும். பின்னறையில் தூளி கட்டிப் பிள்ளையைத் தூங்கவைத்திருந்தார்கள்.

"கூட்டத்துல பிள்ளைய எதுக்குடி தூக்கினு வர்ற? அப்பா பாத்துப்பாரு, வா" என்றாள் வள்ளியம்மை. அன்று காலையில் அவர் நன்றாகத்தான் இருந்தார். பேரனிடம் பேச்சுக் கொடுத்தார், செய்தித்தாள்கூடப் படித்தார். அவள் சிலிண்டரை மூடி, ஒரு முறைக்கு இருமுறை திருகிப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

கோயில் வாசலில் குடங்களோடு நீண்ட வரிசை. அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் மைக்கில் கலைவேந்தன் குரல் கேட்டது. "அடுத்து, நம்ம இளங்கோவன் அண்ணனுக்காக, அவரு பொக்கிஷமா வச்சிருந்த கேசட்டுலேர்ந்து!" பென்டிரைவில் ஏற்றி வைத்திருக்கிறான் பாவி, பிரியத்தில்தான். ஊருக்கு நாலு பக்கமும் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்களில் புல்லாங்குழல் கிளம்பியது. அதில் ஒரு குழாய் வள்ளியம்மை வீட்டு எதிர்க் கம்பத்தில் இருந்தது.

கூட்டம் ஆரவாரம் செய்தது. கீர்த்திகா சிரித்துக்கொண்டே, "அப்பா வூட்ல ஆடிக்கினு இருப்பாரு" என்றாள். வள்ளியம்மையின் இடுப்பில் குடம் கனத்தது. இப்போது அடுப்பு மூட்டுவார். மூட்டட்டும், கேஸ் வராது. கும்மிப் பாட்டு வந்தது. சட்டியை வைப்பார். வைக்கட்டும், சும்மா நின்றுகொண்டிருப்பார். குழம்பு சூடாக வேண்டுமென்றால் நெருப்பு வேண்டுமே, நெருப்புக்கு எங்கே போவார் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

மழைப் பாட்டின் நடுவில்தான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பாட்டைக் கேட்டு அவர் சமைக்கக் கற்றபோது அந்த வீட்டில் ஏது கேஸ்? கற்றது விறகடுப்பில். அந்தக் கூரைச் சமையல்கட்டை இடித்த இடத்தில்தான் இப்போது பின்னறை இருக்கிறது.

குடத்தை அப்படியே தரையில் போட்டுவிட்டு ஓடினாள். கூழ் தெறித்துப் பக்கத்தில் நின்றவர்கள் கத்தினார்கள். "யம்மா, இன்னாம்மா ஆச்சி?" என்று கீர்த்திகா பின்னாலேயே ஓடிவந்தாள். தெருவின் ஒவ்வொரு கம்பத்திலும் பாட்டு கூடவே வந்தது. பிரிவுப் பாட்டு தொடங்கியபோது அவள் கொல்லை வழியாக நுழைந்தாள். பின்னறை ஜன்னலில் புகை வந்துகொண்டிருந்தது.

உள்ளே டைல்ஸ் தரையின் மூலையில் செங்கல் மூன்று கூட்டி, காய்ந்த கரும்புச் சோகையும் தென்னம்பாளையும் வைத்து எரியவிட்டிருந்தார். சோகைக் கட்டு முழுசாகவே உள்ளே வந்திருந்தது. அதன் ஒரு முனை கருகிச் சிவந்திருந்தது. தூளிப் புடவையின் கீழ்ப்பாதி எரிந்து கருந்துண்டாகத் தொங்கியது. தூளி வெறுமையாக இருந்தது. வள்ளியம்மை தெய்வமே என்று அலறிவிட்டாள்.

அப்புறம்தான் புகைக்குள் அவரைப் பார்த்தாள். கண்ணில் நீர் வழிய, வெறும் சட்டியைக் கரண்டியால் நிதானமாகக் கிளறிக்கொண்டிருந்தார். இடது தோளில் பிள்ளை. அழக்கூட முடியாமல் இருமிக்கொண்டிருந்தது.

கீர்த்திகா பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினாள். வள்ளியம்மை தண்ணீர்க் குடத்தை நெருப்பில் கவிழ்த்து, அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். கிணற்றடியில் கீர்த்திகா பிள்ளையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூக்கோட்டையில் கரி. கொஞ்ச நேரம் கழித்து அது வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும் இளங்கோவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மகளிடம் போனார்.

"யாரும்மா நீ? குடும்மா இப்படி. எங்க கீர்த்திகாவுக்கு வேத்தாளு ஆவாது, அழுவும்."

"அப்பா, நான்தான்பா" என்றாள் கீர்த்திகா. அவர் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. "அவ ஆத்தாவுக்குப் பால் ஊறணும், கொளம்பு கொதிக்கிது" என்று சொல்லிவிட்டுப் புகை வருகிற அறைப் பக்கம் திரும்பினார். வள்ளியம்மை அவரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கீர்த்திகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இருந்தது, அழுகை இருந்தது. ஆச்சரியம் மட்டும் இல்லை. அதை மகள் பார்த்துவிட்டாள்.

"இன்னிக்கிதான் இப்பிடியா? இல்ல, முன்னாடியிலேர்ந்தா?"

இன்றைக்குத்தான் என்ற சொல் வள்ளியம்மையின் வாயில் தயாராக இருந்தது. எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய பொய். பிள்ளையின் மூக்கில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்தபோது அது வெளியே வரவில்லை.

"பொங்கலுக்கு முன்னாடியிலேர்ந்துடி. சொன்னா நீ பிள்ளைய இங்க வுடமாட்ட."

"தெரிஞ்சேதான் எம்பிள்ளைய அவர்கிட்ட வுட்டுட்டு என்னக் கோயிலுக்கு இட்டுக்கினு போனியாம்மா?"

குழாயில் கல்யாணப் பாட்டு தொடங்கியிருந்தது. அம்மாவின் பிடிக்குள் இளங்கோவன் திமிறிக்கொண்டிருந்தார்.

"ஆமாண்டி" என்றாள் வள்ளியம்மை.

கீர்த்திகா செருப்புக்கூடப் போடாமல், பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.