கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம்

யார் வீட்டுக்குப் போனாலும் நாம் இருப்பவர்களை நலம் விசாரிப்போம். நம் டாக்டரம்மா இறந்தவர்களை விசாரிப்பார். பரம்பரையாக வரும் இரத்தக்குழாய் நோய்க்கு எந்த மரபணு காரணம் என்று தேடுவது அவர் வேலை. ஆணுக்கு ஒரு கட்டம், பெண்ணுக்கு ஒரு வட்டம், தம்பதி என்றால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், இறந்தவர் மேல் ஒரு கோடு. முழுக் குடும்பத்தையும் ஒரே தாளில் அடக்கிவிடுவார். “அரிசி வாங்கணும்னா மறந்துடுற, அடுத்தவங்க தாத்தா எப்ப செத்தார்னு மட்டும் உனக்கு மனப்பாடம்” என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

ஒரு எலெக்ட்ரீஷியனின் குடும்பம் மட்டும் அவருக்குத் தண்ணி காட்டியது. எலெக்ட்ரீஷியனின் அப்பாவும் அண்ணனும் நாற்பதைத் தொடுமுன், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய் கிழிந்து போய்ச் சேர்ந்தார்கள். அடுத்தது தான்தான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தாரே தவிர, ஸ்கேன் என்றால் “எடுத்து என்ன ஆகப்போகுது” என்பார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அவருக்காகக் காத்திருந்தாள். அவளுக்கும் பிடிகொடுக்கவில்லை.

இறப்பதற்கு முன் அண்ணன் கொடுத்திருந்த ரத்தத்தில் கண்ட ஒரு மரபணுப் பிழைமேல் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் அதே பிழை சித்தப்பா மகளுக்கும் இருந்தது, சித்திக்கு இல்லை. அப்படியானால் சித்தப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அவரோ அந்தப் பிழை இருந்தும் நோய்நொடி இல்லாமல் வாழ்ந்து, ஏணியிலிருந்து விழுந்து இறந்தவர். அவர் கட்டத்தின் கீழே ‘விபத்து’ என்று எழுதிவிட்டு, டாக்டரம்மா அந்தப் பிழையைக் கழித்துக்கட்டினார். அதன்பிறகு வருடக்கணக்கில் சலித்தும் வேறெதுவும் சிக்கவில்லை.

மறுபடி ரத்தம் எடுக்க டாக்டரம்மா வீட்டுக்குப் போன அன்று, சித்தி ஸ்டூலில் ஏறித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“பாத்துங்கம்மா, வழுக்கிடப் போகுது. ஏற்கெனவே ஒருத்தர் விழுந்தது போதும்.”

“அவர் எங்க வழுக்கினார்? மேல நின்னபடியே நெஞ்சைப் பிடிச்சார். முதுகு கிழியுதுன்னார். அப்புறம்தான் சாஞ்சார்.”

“இதை ஏம்மா அன்னைக்கே சொல்லல?”

“எப்படித் தவறினார்னு கேட்டீங்க, ஏணியில இருந்து விழுந்தார்னு சொன்னேன். விழறதுக்கு முன்னாடி என்னாச்சுன்னு நீங்க கேக்கலியே.”

விழுந்ததால் சாகவில்லை, குழாய் கிழிந்ததால்தான் விழுந்திருக்கிறார். டாக்டரம்மாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதையும் மீறி, சித்தியைக் கட்டிப்பிடிக்கலாம் போலச் சந்தோஷமாகவும் இருந்தது.

கழித்துக்கட்டிய பிழையைத் திரும்ப எடுத்துச் சரிபார்த்து முடித்ததும், எலெக்ட்ரீஷியனை வரவழைத்தார்.

“அந்தப் பிழை உங்களுக்கும் இருக்கு.”

“நான்தான் அப்பவே சொன்னேனே டாக்டர்.”

“பாதிதான் சொன்னீங்க. மீதியைக் கேளுங்க. உங்க அப்பாவை இது ஒளிஞ்சு நின்னு அடிச்சது. இப்ப அது எங்க நிக்குதுன்னு நமக்குத் தெரியும். தினம் மாத்திரை, வருஷா வருஷம் ஸ்கேன். குழாய் ரொம்ப வீங்கினா, கிழியறதுக்கு முன்னாடியே ஆபரேஷன்.”

எலெக்ட்ரீஷியன் எழுந்தார். ஸ்கேன் எந்த மாடியில் என்று கேட்டார். லேசான வீக்கம் இருந்தது. மாத்திரையோடு வீட்டுக்குப் போனார்.

அடுத்த வருடமும் வந்தார். வீக்கம் துளியும் கூடவில்லை. டாக்டரம்மா சொல்லி முடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

“எங்க குடும்பத்தைப் போட்டு வெச்சிருந்தீங்களே, அந்தத் தாள் இருக்கா?”

டாக்டரம்மா எடுத்து விரித்தார். கோடு விழுந்த கட்டங்களுக்கு நடுவே கோடு விழாத தன் கட்டத்தைத் தேடிப் பிடித்து, அவர் விரலை வைத்தார்.

“இதுக்குப் பக்கத்துல ஒரு வட்டம் போடுங்க டாக்டர். வெளியில உக்காந்திருக்கா.”