சிவப்புக் குறி போட்ட தகரம்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலைக் கூரைக்குப் பெயிண்ட் அடிக்கப் போனபோது, அங்கே தகரம் மாட்டுகிறவரைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. ஒவ்வொரு தகரத்தையும் விரல் முட்டியால் தட்டிக் கேட்பார். சத்தம் சரியில்லாததில் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார்.

"மேல பளபளன்னுதான் இருக்கும் தம்பி. தோலுக்குப் போடுற மருந்து ஆவி, அடியில இருக்கிற துத்தநாகப் பூச்சைத் தின்னுடும். குறி மேல கால் வெச்சே, நேரா சுண்ணாம்புத் தொட்டிலதான் குளியல்" என்று சிரித்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. தோல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் எதிர்க் கட்டட மாடியிலிருந்து பார்ப்பார்கள், குறி ஒன்றும் தெரியக் கூடாது என்றார் சூப்பர்வைசர். அதிகாரிகள் எதிரில் எனக்கு நாக்கு எழாது. பலகை போட்டு உட்கார்ந்து, எல்லாக் குறிகளையும் வெள்ளிப் பெயிண்டால் மூடினேன். குறி போட்டவருக்காவது போன் செய்திருக்கலாம். செய்யவில்லை.

அதற்கடுத்த நாள் திரும்பி வந்து ஒழுகல் அடைக்க ஏறிய அவர், தகரம் உடைந்து சிமெண்ட் தரையில் விழுந்தார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தார்.

"நீதான் அடிச்சியா?"

"ஆமாண்ணே."

"நல்லா அடிச்சிருக்க தம்பி. ஒரு குறிகூட தெர்ல."

அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று இப்போதும் யோசிக்கிறேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.